முதியவர் விலாவும் அநித்திய வாதமும்

பிறந்தது மூப்படையும், மூத்தது நோயுறும், நோயுற்றது மறையும் என்னும் உண்மையை நாம் மறுப்பவரல்லோம். தம்மத்தைத் தழுவிய நாளிலேயே அதனை ஒப்புக்கொண்டோம். ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வது வேறு. அவ்வுண்மையைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு செய்யவேண்டியதைச் செய்யாதிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் மயக்கம் நம் உபாசகர் இல்லங்களிலும் புகுந்திருக்கிறது. வயோதிகர் ஒருவர் நோயில் விழுந்தால், “வயதாயிற்று, சரீரம் அநித்தியந்தானே” என்று சொல்லி, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்கிறோம். அச்சொல் ஞானத்தினின்று பிறந்ததா, சோம்பலினின்று பிறந்ததா? இவ்வாராய்ச்சி ஆகாயத்தில் நில்லாதிருக்கும்பொருட்டு, யாவரும் அற்பமென்று கருதும் ஓர் உறுப்பை எடுத்துக்கொள்வோம். அது விலாவெலும்பு.

கோயமுத்தூரிலிருந்து வடமேற்கே தடாகத்தின் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் ஆனைகட்டி என்னும் மலையடிவாரத்து ஊர் வரும். அதற்கப்பால் கேரள தேசத்துப் பாலக்காடு ஜில்லாவைச் சேர்ந்த அட்டப்பாடி. எல்லையின் இருபுறத்தும் இருளர் வாழ்கின்றனர். அட்டப்பாடியில் முதுகரும் குறும்பரும் உளர். விறகு சுமப்போர், ஆடு மாடு மேய்ப்போர், கூலிக்குப் போவோர் என முதியவர்களும் ஓய்ந்திராத மலைப்பக்கம் அது. வளைந்து இறங்கும் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் விரைகின்றன. காட்டோரங்களில் யானைக்கு அஞ்சி ஓடுவதும் வழுக்கி விழுவதும் புதுமையல்ல. அடிபட்டவரை ஒருபுறம் கோட்டத்தறையிலுள்ள அரசாங்கப் பழங்குடியினர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். மறுபுறம் மலையிறங்கிக் கோவை வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். இரண்டுக்கும் வழியுண்டு. போவதா என்பதை நிச்சயிக்கும் இடத்தில்தான் நம் கேள்வி எழுகிறது.

ஓர் உதாரணம் கற்பித்துக்கொள்வோம். அச்சாலையில் ஒரே வண்டியில் 25 வயதுப் பேரனும் 70 வயதுப் பாட்டியும் போகிறார்கள். வண்டி சறுக்குகிறது. இருவருக்கும் இடப்பக்கத்தில் மும்மூன்று விலாக்கள் முறிகின்றன, வேறு காயமில்லை. இருவருக்கும் ஒரே படம் எடுத்து, ஒரே மாத்திரையைக் கொடுத்து, “விலாவுக்குக் கட்டுப் போடுவதில்லை, தானே கூடிவிடும், வீட்டுக்குப் போங்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள். இருவருக்கும் ஒரே நீதி வழங்கப்பட்டதாகத் தோன்றும். பேரன் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிடுகிறான் என்றே எதிர்பார்க்கலாம். பாட்டியைப் பற்றி அவ்விதம் எதிர்பார்க்க இயலாது. ஏன் இயலாது என்பதைச் சரீரத்தின் வழியே முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். அறியாமற் பேசும் கருணை பயன்படாது.

மனிதர்க்கு விலாவெலும்புகள் 12 ஜோடி. கை முறிந்தால் கையைக் கட்டித் தொங்கவிடலாம். கால் முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுக் கிடத்தலாம். விலாவுக்கு அவ்வித ஓய்வு கிடையாது. நிமிஷத்துக்குப் பதினான்கு மூச்சு என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை அது அசைந்தாக வேண்டும். அசையும்தோறும் முறிந்த முனைகள் நோகும். நோவுக்கு அஞ்சி மனிதன் தன்னையறியாமலே மேலோட்டமாக மூச்சு வாங்குகிறான். இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்கிறான். மூச்சு ஆழமாகப் போகாததால் நுரையீரலின் அடிப்பாகத்துச் சிற்றறைகள் காற்றின்றிச் சுருங்குகின்றன. இருமாததால் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி பெருகி நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி உண்டாகிறது. ஆகவே முறிந்தது எலும்பானாலும் ஆபத்து நுரையீரலில் இருக்கிறது. எலும்பு இளைஞனுக்கு ஏறத்தாழ ஆறு வாரத்தில் கூடும். முதியவர்க்கு இன்னும் சில வாரங்கள் ஆகலாம். அந்த வித்தியாசம் பெரிதன்று. முதல் பத்து நாட்களின் மூச்சிலேதான் வயது தன் முழு வலிமையையும் காட்டுகிறது.

குழந்தையின் விலா பச்சை மூங்கிலைப் போன்றது. வளையும், எளிதில் முறியாது. அதனாலேயே, விலா முறியாதிருக்கும்போதே உள்ளே நுரையீரல் நசுங்கியிருப்பதைக் குழந்தைகளிடம் வைத்தியர்கள் காண்கின்றனர். முதியவரின் விலாவோ உலர்ந்த சுள்ளி. சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு மெலிந்துவிடுகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது மிகுதி. நின்ற நிலையினின்று தரையில் சாய்ந்தாலும் முறியும். கடுமையாக இருமினாலும் முறிவதுண்டு. விலாவை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு வயதில் இறுகிப்போகிறது. ஆகவே மார்புக்கூடு விரிவதே கடினமாகிறது. ஒரு நொடியில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு, புகை பிடியாதவர்க்கும் நடுவயது முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிலிட்டர் வரை குறைந்துகொண்டே போகிறது. நாற்பது ஆண்டில் ஏறக்குறைய ஒரு லிட்டர் போய்விட்டது என்று கொள்ளலாம். இதனோடு, ஆயுள் முழுதும் விறகடுப்பின் முன் குனிந்து ஊதிய பெண்ணின் நுரையீரலையும், பீடி பிடித்தவனின் நுரையீரலையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இளைஞனிடம் சேமிப்பு உண்டு. மூச்சில் பாதியை இழந்தாலும் மீதியில் வாழ்வான். முதியவரிடம் சேமிப்பு இல்லை. வறியவன் வீட்டில் ஒரு நாள் கூலி தவறுவதற்கும் செல்வன் வீட்டில் ஒரு நாள் வருமானம் தவறுவதற்கும் உள்ள பேதம் எதுவோ, அதுவே இதுவும்.

இது ஊகமன்று. அமெரிக்க தேசத்துச் சியாட்டில் நகரின் பெரிய விபத்து ஆஸ்பத்திரியொன்றில் விலா முறிந்து சேர்க்கப்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வைத்தியர்கள் வெளியிட்டனர். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 22 பேர் மாண்டனர். அதற்குக் குறைந்த வயதினரில் நூற்றுக்கு 10 பேர். நிமோனியா கண்டவர்கள் முதியோரில் நூற்றுக்கு 31, இளையோரில் 17. முதியோரில் முறிந்த விலா ஒவ்வொன்று கூடும்தோறும் மரண அபாயம் நூற்றுக்கு 19 பங்கும், நிமோனியா அபாயம் 27 பங்கும் ஏறின. இவர்கள் பெருவிபத்தில் அடிபட்டு, பலர் வேறு காயங்களும் உற்றவர்கள். ஆதலால் வீட்டில் வழுக்கி விழுந்த ஒவ்வொருவர்க்கும் இவ்வெண்களை அப்படியே பொருத்துதல் தவறு. எனினும் இரு சாரார்க்கும் இடையேயுள்ள தூரத்தை நோக்குக. 2003இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, 45 வயதைக் கடந்து நான்குக்கு மேற்பட்ட விலா முறிந்தவர்களிடமே இவ்வபாயம் தலைகாட்டத் தொடங்குவதைக் குறித்தது. நாற்பத்தைந்து வயதினரை நாம் யாரும் கிழவர் என்று அழைப்பதில்லை!

இங்கே அட்டப்பாடிக்கே உரிய மற்றொரு செய்தியைச் சொல்லவேண்டும். அம்மலையில் வாழும் பழங்குடி மக்களிடையே அரிவாளணு இரத்தசோகை என்னும் பரம்பரை நோய் காணப்படுகிறது. செவ்வணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும் நோய் அது. அந்நோயுற்ற இளைஞர்க்கு விலாவில் இரத்தம் ஓடாது கடும் நோவு தோன்றினால், அவர்களும் மேலோட்டமாகவே மூச்சு வாங்குவர். அவர்கள் நுரையீரலும் கெடும். 1995இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 8 முதல் 21 வயதுக்குட்பட்ட அத்தகையோரை, காற்றை உள்ளிழுத்துப் பந்தை உயர்த்தும் சிறு கருவியால் ஆழ்ந்து மூச்சிழுக்கச் செய்தபோது நுரையீரல் கேடு வெகுவாகக் குறைந்ததைக் காட்டிற்று. ஆகவே முதியவரைக் கொல்வது பிறப்புப் பத்திரிகையிலுள்ள எண் அன்று. ஆழமற்ற மூச்சு, அடக்கிய இருமல், தீராத நோவு ஆகிய காரணங்கள் அங்கே இருக்கின்றன. வயது அவற்றிற்கு இடங்கொடுக்கிறது. காரணத்தினின்றே காரியம் பிறக்கும், காரணம் நீங்கின் காரியம் நீங்கும் என்பது நம் தம்மத்தின் உயிர்நாடி. “வயதாயிற்று” என்பவர் இக்காரணங்களையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி, அவிழ்க்கமுடியாத முடிச்சொன்றைப் போட்டுவிடுகிறார்.

கட்டு என்றதும் ஓர் எச்சரிக்கை. ஆனைகட்டி என்னும் பெயரில் யானையைக் கட்டிய கதை இருக்கட்டும். விலாவைக் கட்டும் வழக்கம் இன்னும் நம் ஜனங்களை விட்டபாடில்லை. எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டை நாடிப் போகும் நம்பிக்கை தமிழ்நாடெங்கும் உண்டு; கை காலுக்கு அதனால் குணம் கண்டதாகச் சொல்வோர் பலர். அவர்களோடு நமக்கு இங்கே வழக்கில்லை. மார்பைச் சுற்றித் துணியை இறுக்குவது மாத்திரம் கூடாது. மேனாட்டு வைத்தியர்களும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பிளாஸ்திரியால் விலாவை இறுக்கிக் கட்டியே வந்தார்கள். அது மூச்சைக் குறுக்கி நிமோனியாவை அழைக்கிறது என்று கண்டபின் கைவிட்டார்கள். தங்கள் முறை தவறென்று கண்டவுடன் விட்டுவிட்ட அந்தப் பண்பைக் காலாமர்க்கு உபதேசித்த ஆசிரியரின் வழிவந்த நாம் மெச்சவேண்டும்.

இனி நீதிக்கு வருவோம். பேரனுக்கும் பாட்டிக்கும் ஒரே மாத்திரை, ஒரே சொல், ஒரே வழியனுப்பு. இது சமத்துவமா? சமமல்லாதாரைச் சமமாக நடத்துவதால் ஏற்றத்தாழ்வு நிலைக்குமேயன்றி நீங்காது என்பதைப் பிறர் சொல்லி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலும் உத்தியோகத்திலும் அந்நியாயத்தை அநுபவித்தே இத்தம்மத்துக்கு வந்தோம். எல்லோர்க்கும் ஒரே பந்தயக் கோடு என்றவர்களை நோக்கி, “எங்கள் காலில் விலங்கு பூட்டியிருந்ததே” என்று கேட்டோம். அந்நியாயத்தை வெளியே கண்டுகொள்ளும் நம் கண், வீட்டுத் திண்ணையில் முனகிக் கிடக்கும் பாட்டியிடம் ஏன் மூடிக்கொள்கிறது? பேரனை வீட்டுக்கு அனுப்பலாம். பாட்டியைச் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்துக் காத்தல் வேண்டும். அவளுடைய நோவை முழுதாகத் தணித்து, மூச்சை எண்ணி, இரும வைத்து, எழுந்து உட்கார வைத்தல் வேண்டும். மூன்று விலா முறிந்த முதியவரை உள்ளே சேர்த்துக் கவனித்தலே தகும் என்பது இன்று பல தேசத்து வைத்தியர்களின் துணிபு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டமும், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கூடியவரை முதியோர் அனைவர்க்கும் படுக்கையும், தனி வரிசையும் வேண்டும் என்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது யாசகமன்று.

இதற்கு மறுப்பாக ஒருவர் சூத்திரங்களையே கொண்டுவரலாம். உடல் நோவு முதல் அம்பு, அதைக் குறித்து மனம் புலம்புவது இரண்டாம் அம்பு, ஞானி இரண்டாவதை ஏற்கமாட்டான் என்று பகவர் உபதேசித்தாரே, நோவைத் தாங்கிக்கொள்வதல்லவா தம்மம் என்பார். இவர் ஓர் அம்பை நினைவில் வைத்து மற்றோர் அம்பை மறந்தார். நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன், எய்தவன் யார், எந்த ஊரான் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் மாண்டே போவான்; முதலில் அம்பைப் பிடுங்கவேண்டும் என்பதும் பகவர் மாலுங்கியபுத்தர்க்குச் சொன்ன உவமையே. இரண்டாம் அம்பைப் பற்றிய உபதேசம் நோயாளிக்கு உரியது. அம்பைப் பிடுங்கும் கடமை பக்கத்தில் நிற்பவனுக்கு உரியது. நோயாளிக்கு உரியதை எடுத்துப் பக்கத்தில் நிற்பவன் தன் கைக்கு ஓய்வாக்கிக்கொள்வதைத் தம்மமென்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை.

பகவர் தம் எண்பதாம் ஆண்டில், வேளுவ கிராமத்து மழைக்காலத்தில் கொடிய நோவுற்று அதனைச் சகித்தார் என்பதும், தம் உடலை வார்களால் கட்டி ஓட்டப்படும் பழவண்டிக்கு ஒப்பிட்டார் என்பதும் மெய்யே. அவ்வுவமையைச் சற்று உற்று நோக்குவோம். பழவண்டி என்று அதைத் தெருவில் விட்டுவிடவில்லை. வார் போட்டு ஓட்டினார்கள். ஜீவகர் என்னும் வைத்தியர் அவர்க்கு மருந்து கொடுத்தார், அவர் ஏற்றார். வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை ஆனந்தரோடு சேர்ந்து தம் கையால் கழுவிக் கிடத்தினார்; நோயாளிக்குச் செய்யும் பணிவிடை தமக்குச் செய்வதே என்றும் உணர்த்தினார். அவ்விடத்திலேயே, மகாவக்கத்தில், பணிவிடை செய்தற்கு அரிய நோயாளி யார் என்று ஐந்து குறைகள் சொல்லப்பட்டுள்ளன. வேதனையைத் தாங்கமாட்டாமை அவற்றுள் ஒன்று. நலம் விரும்பும் பணியாளனிடம் தன் நோயை உள்ளபடி சொல்லாமை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் வைத்த நுட்பத்தை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. தாங்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். நம் முதியோர்க்கு முன்னதை மட்டும் கற்பித்தோம்.

டாக்டர் அம்பேத்கர் தம் “புத்தரும் அவர் தம்மமும்” என்னும் நூலில் (அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்தது) நான்கு காட்சிகளின் கதையை ஏற்க மறுத்தார். இருபத்தொன்பது வயதுவரை ஒருவர் கிழவரையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டதே இல்லையென்பது பகுத்தறிவுக்குப் பொருந்தாது என்றார். இம்மறுப்பிலிருந்து நம் பொருளுக்கு ஒன்று பெறலாம். முதுமையைக் கண்டு திகைத்து வீட்டை விட்டு ஓடிய ஒருவரின் மார்க்கமாக நம் மார்க்கத்தைக் கொண்டால், முதுமைக்கு முன் கைகட்டி நிற்பதே பக்தியாகிவிடும். மனிதர் மனிதர்க்கு விளைக்கும் துக்கத்தைக் கண்டு, அதன் காரணத்தை ஆய்ந்து நீக்கப் புறப்பட்டவரின் மார்க்கமாகக் கொண்டால், திண்ணையில் கிடக்கும் பாட்டியின் நோவில் எவ்வளவு முறிவினால் வந்தது, எவ்வளவு நம் அசட்டையினால் வந்தது என்று பிரித்துக் காண்போம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீக்ஷை பெற்றபோது அம்பேத்கர்க்கு வயது 65. நீரிழிவும் கால்நோவும் வாட்ட, பிறர் தோளைப் பற்றியே நடமாடினார். வைத்தியப் பதிவேட்டின்படி முதியவர்தாம்!

நம் சங்கத்தார் சிலர் கேட்கும் வேறொரு சந்தேகத்துக்கும் இங்கே விடை சொல்லவேண்டும். விலா நோவு கடுமையாயின் அபினிலிருந்து எடுக்கும் மார்பின் முதலிய மருந்துகளை வைத்தியர் கொடுப்பதுண்டு. “மயக்கந் தரும் பொருளை விலக்கும் சீலத்தை ஏற்றவன் அதைக் கொள்ளலாமா?” என்று வயோதிக உபாசகர் தயங்குகிறார், பல்லைக் கடித்துக் கிடக்கிறார், மூச்சைச் சுருக்குகிறார். சீலத்தின் நோக்கம் கவனக்கேட்டைத் தடுப்பது. கடும் நோவே கவனத்தைக் கெடுக்கும் என்பதை விலா முறிந்து ஆனாபானசதியில் அமர முயன்றவர் அறிவர். வாதநோயுற்ற பிலிந்தவச்சர்க்கு வைத்தியர் சொற்படி மது சிறிது கலந்து காய்ச்சிய தைலத்தை, மதுவின் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவில், பகவர் அநுமதித்ததாக விநயம் கூறுகிறது. மருந்தென்ற அளவில், மருந்தின் அளவில். இதுவே விதி. முதியவர்க்கு இம்மருந்து மிஞ்சினால் தூக்கமும் மலச்சிக்கலும் மூச்சுத் தளர்ச்சியும் தரும் என்பதால் வைத்தியர்களே அளவில் அஞ்சுகின்றனர். முதலில் பாராசிட்டமாலை வேளை தவறாமற் கொடுத்து, போதாவிடின் விலா நரம்புகளின் பக்கம் மரப்பு மருந்து செலுத்தி, மார்பினைக் குறைக்கப் பார்க்கின்றனர். வேறு சில வலிமாத்திரைகள் முதிய சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடையில் கேட்டு வாங்கி விழுங்கலாகாது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிக்கு மார்பின் கிடைப்பதே அரிதாயிற்று. 2014இல் திருத்தம் செய்து வழியைச் சற்று எளிதாக்கினர். 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய நோவுதணிப்புச் சங்கத்தின் முயற்சி பரவி, 2008இல் கேரள அரசாங்கம் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நோவைத் தணிப்பது அரசாங்கத்தின் கடமை என்று ஒரு ராஜ்யம் எழுதிவைத்த பின்பு, அதைப் பாவமோ என்று உபாசகர் ஐயுறுவது வியப்பாக இருக்கிறது.

மிகக் கடினமான கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது. பாட்டியே வரமாட்டேன் என்றால்? “எனக்கென்ன, நான் இருந்துவிட்டுப் போகிறேன், நீ வேலைக்குப் போ” என்கிறாள். அவள் சொல்லுக்கு மதிப்பில்லையா? உண்டு. அவள் உடல் அவளுடையது. பேரன் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்துவைக்க உரிமையில்லை. ஆயினும் அச்சொல்லின் அடியில் இருப்பதைத் தோண்டிப் பார்ப்பது நம் கடமை. மகள் துணைக்கு வந்தால் கூலி போகும். மருமகள் முகம் சுளிப்பாள். ஆஸ்பத்திரியில் தன் மொழியை எவர் கேட்பார். போன வருஷம் அண்டை வீட்டுக் கிழவர் போய்த் திரும்பவில்லை. இவையெல்லாம் சேர்ந்து “எனக்கென்ன” என்ற ஒரே சொல்லாக வெளிவருகின்றன. பட்டினி கிடப்பவன் “பசியில்லை” என்றால் அதைத் துறவு என்று வணங்குவோமா? தடைகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, பிறகு கேட்கவேண்டும். நீக்கிய பின்னும் வேண்டாமென்றால் அது அவள் முடிவு. வீட்டிலேயே நோவைத் தணிக்க வழி தேடுவோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி மருத்துவமும் நோவுதணிப்பும் செய்ய ஏற்பாடு இருக்கிறது.

எல்லா முதியவரும் பிழைப்பர் என்று நாம் சொல்லவில்லை. தளர்ந்து எலும்பும் தோலுமாய்ப் படுக்கையோடு படுக்கையாகிவிட்டவர்க்குப் பல விலாக்கள் முறிந்தால், எத்துணைச் சிகிச்சையும் தோற்கலாம். அந்நிலையில் குழாய் செருகி, இயந்திரத்தில் மூச்சுவிடச் செய்து நாட்களை நீட்டுவதை அவரே முன்னர் விரும்பியிராவிடில், நாமும் வற்புறுத்தோம். இதயம் நின்றபின் மார்பை அழுத்தி மீட்கும் முயற்சியே முதியவரின் விலாக்களைப் பெரும்பாலும் முறித்துவிடுகிறது என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம். ஆனால் எழுபது வயதில் விறகு சுமந்தவளுக்கும் படுக்கையிலிருப்பவருக்கும் வயது ஒன்றாயிருந்தாலும் நிலை ஒன்றன்று. வைத்தியர்களும் இப்பொழுது ஆண்டுகளை மட்டும் எண்ணாமல் தளர்ச்சியை அளக்கின்றனர்: விழுமுன் நடந்தாரா, தாமே குளித்தாரா, எடை குறைந்ததா என்று கேட்கின்றனர். அநித்தியத்தை அறிந்தவர் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே. எல்லாம் மாறுவது என்று அறிந்தவன், எதுவரை மாறியிருக்கிறது என்றும் பார்ப்பான்.

இனி, நோயாளர் இல்லங்களுக்குச் செல்லும் நம் சங்கத்துச் சகோதர சகோதரிகளுக்கு இரண்டொரு குறிப்பு. விழுந்த அன்றைக்குக் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நம் வழக்கம். அன்று முதியவர் நன்றாகவே பேசுவார். முதல் படத்தில் முறிவு தென்படாமற் போவதும் உண்டு. அபாயம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பின்னரே வரும். ஆகவே நான்காம் நாள் ஒருவர் போகட்டும். போனவர் “எப்படி இருக்கிறது” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றே விடை வரும். அப்படிக் கேளாமல், “ஒருமுறை நன்றாக இருமுங்கள் பார்ப்போம்” என்று சொல்லித் தலையணையை விலாவோடு அணைத்துப் பிடிக்கக் கொடுக்கவேண்டும். இருமமுடியாவிட்டால் நோவுக்கு மருந்து போதவில்லை என்று பொருள். மூச்சு நிமிஷத்துக்கு இருபத்தைந்துக்கு மேல் போனாலும், சுரம் கண்டாலும், உளறினாலும், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவி, கொரோனா காலத்துக்குப் பின் கிராமச் சுகாதாரப் பணியாளர் பலரிடம் இருக்கிறது. படுத்தே கிடக்கவிடாமல் சாய்ந்து உட்காரச் செய்யவேண்டும். பந்துக் கருவி கொடுத்திருந்தால், அதை ஊதுகிறாரா உள்ளிழுக்கிறாரா என்று பார்க்கவேண்டும். பலர் புல்லாங்குழல்போல் ஊதிக்கொண்டிருப்பர், அதனால் பயனில்லை. கருவி இல்லாவிடில் மணிக்குப் பத்து முறை ஆழ்ந்து மூச்சிழுத்துச் சிறிது நிறுத்தி விடட்டும். மூச்சு நீண்டதை நீண்டதென்றறியும் பயிற்சியைத் தியான மண்டபத்தில் கற்றவர்கள், அங்கே பக்கத்தில் அமர்ந்து அவரோடு சேர்ந்தே பத்து மூச்சு வாங்கலாம்.

துணைக்கு இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ அந்த ஒரு வாரத்துக் கூலியை யார் கொடுப்பது என்பதையும் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுதல் நலம். வைசாகத்துக்கு மண்டபம் அலங்கரிக்கும் செலவில் ஒரு பகுதி அதற்குப் போதும்.